‘ஹத்ஸ்’ என்பதற்குக் ‘கதுவல்’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

இடைக்கால இஸ்லாமிய மெய்யியலாளர் இப்னு சீனாவின் அறிவுக் கொள்கையில் வரும் ‘ஹத்ஸ்’ என்னும் அரபுச் சொல்லுக்கு ‘உள்ளுணர்வு’ என்றே எழுதிவிடலாம் என்ற கருத்து இவ்வுரையாடல் இழையில் வலுப்பெற்று வருகிறது. அது முடிவாகிவிடும் முன் என் மறுப்பையும் ஒரு மாற்றுச் சொல்லையும் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

காரணம் சொல்லத் தெரியாமல் மனத்துக்குப் படுவதையே தமிழில் உள்ளுணர்வு என்கிறோம். ஹத்ஸ் இதற்கு நேர் எதிரானது. ஒரு முடிவுக்கான ஏது, அதாவது அளவையியலில் இரு பதங்களை இணைக்கும் நடுப்பதம், தேடி அலையாமல் மனத்தில் வந்து அமைவதையே இப்னு சீனா அச்சொல்லால் குறித்தார். இக்கருத்தின் வேர் அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. வளர்பிறை மாலையில் மேற்கு வானைப் பாருங்கள்: பிறையின் ஒளிவிளிம்பு சூரியன் இறங்கிய திசைக்கே முகம் காட்டும். தேய்பிறை விடியலில் அதே விளிம்பு கிழக்கே, சூரியன் எழவிருக்கும் பக்கம் திரும்பியிருக்கும். இதைக் கண்ட ஒருவனுக்கு, நிலா தன் ஒளியைச் சூரியனிடமிருந்து பெறுகிறது என்னும் ஏது அக்கணமே பிடிபட்டுவிடுகிறது. அவனுக்குக் கிடைத்தது காரணம். அதை உணர்வு என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

இறைத்தூதரின் அறிவை விளக்கும் இடத்திலும் இப்னு சீனா இதில் உறுதியாக நிற்கிறார். ஹத்ஸின் உச்சநிலையில் இருப்பவருக்கு எல்லாம் ஒரே கணத்திலோ அதற்கு மிக நெருங்கிய பொழுதிலோ விளங்கும் என்றாலும், அவ்வறிவு நடுப்பதங்களை உள்ளடக்கிய ஒழுங்கோடுதான் வரும், காரணம் அறியாமல் ஏற்றுக்கொண்டதாக இராது என்கிறார். இவ்விடத்தில் ‘உள்ளுணர்வு’ என்று எழுதினால் அவர் விலக்கியதையே அவர் வாயில் வைத்தவர்களாவோம். அகத்தில் பாய்ச்சப்பட்ட ஒளியைப் பற்றிப் பேசும் இறையியலாளர் கஸ்ஸாலியை (1058–1111) மொழிபெயர்ப்பவர்களுக்கு அச்சொல் ஒருவேளை உதவலாம். அவர்களுக்காக அதை விட்டுவைப்போம்.

இவ்விழையில் வந்த ‘உய்த்துணர்வு’ என்ற பரிந்துரை எனக்குப் பிடித்தது. நன்னூல் உத்திகளில் ‘உய்த்துணர வைப்பு’ இருப்பதால் அதற்கு மரபின் வலுவும் உண்டு. ஆனால் உய்த்தல் என்பது செலுத்துதல். மனத்தைச் செலுத்தி, முன்னும் பின்னும் நகர்த்தி ஏதுவைத் தேடுவதற்கு இப்னு சீனா ‘ஃபிக்ர்’ என்ற வேறு சொல்லை வைத்திருக்கிறார். ஹத்ஸில் அந்த நகர்வு இல்லை. எனவே உய்த்துணர்வை ஃபிக்ருக்குக் கொடுத்துவிடலாம்.

‘பொறிதட்டல்’ பேச்சுவழக்கில் மிகப் பொருத்தமானதுதான். ஆனால் ஐம்பொறிகளைப் பற்றிய விவாதம் அடுத்த பக்கத்திலேயே வரும் நூலில் ‘பொறி’ இரு பொருளில் நிற்பது வாசகரைத் தடுமாறச் செய்யும். ஒலிபெயர்த்து ‘ஹத்ஸ்’ என்றே விடுவதிலும் சிக்கல் உண்டு: தமிழ் முஸ்லிம்கள் மார்க்கச் சட்ட நூல்களில் அறிந்த ‘ஹதஸ்’ என்பது தொடக்கை, அதாவது தொழுகைக்குத் தடையான தூய்மையற்ற நிலையை, குறிக்கும் வேறொரு சொல். அரபு எழுத்தில் தெளிவாகத் தெரியும் வேறுபாடு தமிழ் எழுத்தில் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது.

என் முன்மொழிவு ‘கதுவல்’. கதுவுதல் என்றால் பற்றுதல். தீ கதுவுவதையும் அச்சொல்லால் சொல்கிறோம். ‘கதுமென’ என்னும் விரைவுக்குறிப்பும் அதன் அருகிலேயே காதில் ஒலிக்கிறது. என்னை இச்சொல்லிடம் கொண்டுசேர்த்தது இப்னு சீனாவின் ‘கிதாபுஷ் ஷிஃபா’ என்னும் நூலில் ஆன்மா பற்றிய பகுதி. ஒருவருடைய ஆன்மா மிகத் தூய்மையாக இருந்தால் அவர் ‘ஹத்ஸால் பற்றி எரிவார்’ என்று அங்கே எழுதுகிறார். அவருடைய ‘இஷாராத்’ நூலில், நெருப்புத் தீண்டாமலே சுடர்விடப் பார்க்கும் எண்ணெய் பற்றிய குர்ஆனின் ஒளி வசனத்தை (24:35) விளக்கும்போது, ஒலிவ மரத்தை ஃபிக்ராகவும் எண்ணெயை ஹத்ஸாகவும் கொள்கிறார். பற்றுவதும் பற்றி எரிவதும் ஒரே சொல்லில் அடங்க, தமிழில் இதைவிடப் பொருத்தமான வேறொன்று எனக்குத் தென்படவில்லை.

யாப்பிலக்கணம் கற்றவர்கள் மேற்கதுவாய், கீழ்க்கதுவாய்த் தொடைகளை நினைவூட்டுவார்கள். அங்கே கதுவாய் என்பது ஒரு சீரில் தொடை இல்லாத குறையைச் சுட்டுவது. இரண்டும் ஒரே இடத்தில் வர வாய்ப்பில்லை என்பதால் குழப்பம் நேராது. ‘ஏது கதுவல்’ என்று விரித்துச் சொல்லலாமா என்றும் எண்ணினேன். ‘ஏது’ என்பதை வினாவாகப் படித்துவிடுவார்கள் என்பதால் கைவிட்டேன்.

கதுவல் அருள்போல் இறங்குவது, முயற்சிக்கு அங்கே வேலையில்லை என்று கொள்ளவும் கூடாது. புகாராவில் தம் இளமையைப் பற்றி இப்னு சீனா சொல்வதைப் பாருங்கள். நடுப்பதம் கிடைக்காதபோது பள்ளிவாசலுக்குச் சென்று தொழுவார். இரவில் விளக்கை முன்னால் வைத்துப் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருப்பார். கண்ணயர்ந்தால் அதே சிக்கல்கள் கனவில் வரும், பல உறக்கத்திலேயே தெளிவாகிவிடும். கதுவுவதற்குத் திரி காய்ந்திருக்க வேண்டும் அல்லவா?

ஹத்ஸின் வழி கிடைக்கும் எடுகூற்றுகளான (முடிவுக்கு அடிப்படையாகும் கூற்றுகளான) ‘ஹத்ஸிய்யாத்’ என்பதற்குக் ‘கதுவற்கூற்றுகள்’ என்று எளிதாக ஆக்கலாம். வினையாகவும் சொல் தடையின்றி இயங்குகிறது: ‘பிறையின் ஒளிவிளிம்பு சூரியனையே நோக்குவதைக் கண்டவன், நிலாவின் ஒளி கடன்பெற்றது என்னும் ஏதுவைக் கதுவினான்.’ வேறு சொல்லை விரும்பும் நண்பர்கள் இவ்வொரு வாக்கியத்தைத் தங்கள் சொல்லை இட்டு எழுதிக் காட்டும்படி வேண்டுகிறேன்.