60 பேர் கலியாணத்துக்குப் பத்துச் சட்டித் தயிர் காணுமா?

வாவிக்கரையான்:
நேற்று இங்கே ஒரு தங்கச்சி சின்னக் கலியாணத்துக்குப் பட்ஜெட் போட்டிருந்தா. மட்டக்களப்பு, 60 பேர், கோயிலில் தாலி, வீட்டுப் பந்தலில் சாப்பாடு, நகையைத் தவிர எல்லாம் எட்டு லட்சத்துக்குள். எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். "தயிர் 10 சட்டி." பத்தாம்! தயிருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு பத்தாம்! மாப்பிள்ளை வீட்டார் இலையைப் பார்த்துவிட்டு என்ன நினைப்பார்கள்? 25க்குக் குறைத்து எடுக்கக் கூடாது.

கல்லடி மச்சாள்:
பட்டியல் போட்டது நான்தான் அண்ணன். ஐயர் தட்சணை, மேளம், கூறை, பந்தல், கதிரை வாடகை, ஜெனரேட்டர் என்று ஒரு பக்கம் நிறைய எழுதினேன். உங்கள் கண்ணில் பட்டது தயிர் மட்டும்தானா? மண்டபத்தை ஏன் விட்டேன் என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. தலைக்கு 3500 என்று சொல்கிறார்கள் என்று வைப்போம். பில்லில் 10% சேவைக் கட்டணம் ஏறும், அதற்கு மேல் 18% வற் வரி (VAT) ஏறும். 3500 என்றது 4543 ஆகிவிடும். 60 பேருக்கு அந்த வித்தியாசமே 62,580 ரூபாய். அந்தக் காசில் மேளகாரரையும் வீடியோக்காரரையும் வயிறு நிறையச் சாப்பிட வைப்பேன்.

வாவிக்கரையான்:
வற் கணக்கு நல்லாகத்தான் இருக்கிறது. நான் கேட்டது தயிர். மேளகாரரும் வீடியோக்காரரும் அந்த 60க்குள்ளா, வெளியேயா? அவர்களும் தயிர் கேட்பார்கள்தானே. பார்த்தீர்களா, பத்து எப்படிக் காணும்?

காத்தான்குடி மருமகன்:
எங்கட வலீமாவில், அதாவது கலியாண விருந்தில், சகன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி இருந்து சேர்ந்து சாப்பிடுவோம். சகனுக்கு ஆறு பேர், ஒரு சட்டி. 60 பேர் என்றால் பத்துச் சகன், பத்துச் சட்டி. தங்கச்சியின் கணக்கில் பிழை இல்லை.

வாவிக்கரையான்:
தம்பி, நீங்கள் இறைச்சிச் சோற்றுக்குப் பிறகு தயிரை ருசி பார்ப்பவர்கள். எங்களுடையது வாழையிலை, சைவச் சாப்பாடு. பருப்பு, சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் முடித்துச் சோற்றில் தயிரைப் பிசைவார்கள். பிறகு வெறும் இலையில் இன்னொரு தரம் வாங்கிச் சீனி போட்டு வழிப்பார்கள். ஆளுக்கு இரண்டு தரம். 25.

காத்தான்குடி மருமகன்:
ருசி பார்ப்பவர்களா? எங்கட ஊர்ப் பந்தியில் ஒரு நாள் வந்து இருந்து பாருங்கள் காக்கா. சட்டியில் ஒட்டின ஆடையைக்கூட மிச்சம் வைக்க மாட்டோம்.

படுவான்கரைப் பெடியன்:
எந்தச் சட்டி? ஒரு லீற்றரா, இரண்டு லீற்றரா? அதைச் சொல்லாமல் பத்து, இருபத்தைந்து என்று என்ன சண்டை?

வாவிக்கரையான்:
சட்டி என்றால் சட்டிதான். பட்டியும் பாலுமாகப் பிறந்து வளர்ந்தவர் கேட்கிற கேள்வியா இது?

படுவான்கரைப் பெடியன்:
மாடு வாவிக்கு மேற்கே எங்கள் கரையில் நிற்கிறது, வியாக்கியானம் கிழக்கே எழுவான்கரையில் இருந்து வருகிறது. தண்ணீர் கலந்த தயிரை வாங்கிப் பழகியவர்களுக்கு 25 இல்லை, 50உம் காணாது.

தம்பிலுவில் அக்கா:
தயிரை விடுங்கள். வீட்டுப் பந்தல் என்றால் முகூர்த்தம் எந்த மாதம்? கார்த்திகையில் எங்கள் சொந்தத்தில் ஒன்று செய்தார்கள். விடிய விடிய மழை. பந்தல் துணி தொட்டில் மாதிரித் தொங்கி, ஒருவர் உலக்கையால் கீழிருந்து தள்ளித் தள்ளித் தண்ணீரை ஊற்றினார். முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குக் கதிரையின் பின்கால் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டது. மனிசன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடியே தாலிகட்டுப் பார்த்தார். மழை மாதம் என்றால் தகரப் பந்தலுக்குக் காசு வையுங்கள்.

கல்லடி மச்சாள்:
ஆவணியில் அக்கா. தகரத்துக்கும் காசு வைத்திருக்கிறேன். பட்டியலை வாசித்த ஒரே ஆள் நீங்கள்தான் போல.

வாவிக்கரையான்:
ஆவணியா? அந்த வெயிலில் தயிர் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். அதற்காகவும் ஐந்து சட்டி கூட எடுக்க வேண்டும். 30.

காரைதீவான்:
அண்ணன் நேரத்துக்கு நேரம் விலையேற்றுகிறார். எனக்கு அந்த 60லேயே நம்பிக்கை இல்லை. தாய்வழிக் குடிக்காரருக்குச் சொல்லாமல் விடுவீர்களா? கொரோனாக் காலத்தில் ஆளைக் குறைத்தபோது அரசாங்கத்தின் மேல் பழியைப் போட்டோம். இப்போது யார் மேல் போடுவது? அப்புறம் "நகையைத் தவிர" என்று ஒரே சொல்லில் தாண்டுகிறீர்கள். 2025இல் தங்கம் பவுணுக்கு மூன்று லட்சத்தைத் தாண்டியது. தாலிக்கொடி ஒன்பது பவுண் என்றால் அதுவே 27 லட்சம். கழுத்தில் 27, பந்தலில் எட்டு. இதற்குப் பேர் சின்னக் கலியாணமாம்.

கல்லடி மச்சாள்:
ஒன்பது பவுண் என்று நான் எங்கே எழுதினேன்? மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டினாலும் தாலி தாலிதான்.

காரைதீவான்:
இங்கே எழுதலாம். உங்கள் மாமிக்கு முன்னால் சொல்லிப் பாருங்கள்.

வாவிக்கரையான்:
கொடியை அடகு வைக்கலாம், மீட்கலாம். பந்தியில் தயிர் முடிந்துபோனால் அந்தச் சொல்லை மீட்க முடியுமா? 60 பேரில் ஒருவர் வெளியில் போய்ச் சொன்னால் போதும், பேரப்பிள்ளை கலியாணத்திலும் அதைத்தான் கதைப்பார்கள்.

கல்லடி மச்சாள்:
ஓம் அண்ணன், கதைப்பார்கள்தான். உங்கள் மூத்தவளின் சாமத்திய வீட்டில் நானூறு பேருக்குச் சொல்லிவிட்டுப் பின்பந்திக்குச் சட்டியைக் கழுவி மோர் ஊற்றினீர்களே, அதை நாங்கள் இன்னும் கதைக்கிறோம். நான் அந்தப் பந்தியில்தான் இருந்தேன். இலையில் ஓடி மடியில் வடிந்தது.

தம்பிலுவில் அக்கா:
அடக் கடவுளே. அது நீங்களா?

வாவிக்கரையான்:
அது மோர் இல்லை. ரசம். முன்பந்தியில் வெளிநாட்டுச் சொந்தக்காரர் மூன்று தரம் வாங்கினால் நான் என்ன செய்ய? அன்றைக்கு என்வலப்பில் யார் யார் எவ்வளவு வைத்தார்கள் என்ற கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுக்கட்டா?

கல்லடி மச்சாள்:
எடுங்கள். ரசம் வெள்ளையாக இருந்ததற்கும் அந்தக் கொப்பியில் விளக்கம் இருந்தால் போடுங்கள்.

படுவான்கரைப் பெடியன்:
லீற்றரை இன்னும் யாரும் சொல்லவில்லை.

காத்தான்குடி மருமகன்:
சகன் வையுங்கள், சண்டையே வராது.

வாவிக்கரையான்:
சகனும் வேண்டாம், லீற்றரும் வேண்டாம். முதலில் அந்த மோர் என்று எழுதினதை அழிக்கச் சொல்லுங்கள். பிறகு தயிருக்கு வருகிறேன். 30 என்றது 30தான்.