மறு: ‘மலக் குறிப்பான்’ – வேறு சொல் கிடைக்குமா?

ஐயா, வணக்கம்.

நாம் எழுதும் விளக்கத்தில், குடல் அழற்சியை அறிய மலத்தில் அளக்கும் பொருள்களுக்குப் பொதுப்பெயராக நீங்கள் சொன்ன ‘மலக் குறிப்பான்’ என்ற சொல்லை நேற்று என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பல வருடம் பால்மரம் சீவியவர். தம்பிக்குப் பெருங்குடலில் புண்ணும் அழற்சியும் இருப்பதால், மூடியோடு குட்டிக் கரண்டி ஒட்டியிருக்கும் அந்தச் சோதனை டப்பா எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. ஆனாலும் “மலத்தக் குறிச்சு வைக்கிறதா?” என்றுதான் கேட்டார். சோதனைக்குக் கொடுக்கும் சிறிதளவு மலத்தை ‘மல மாதிரி’ என்றதும் அவர் காதில் ‘மலை மாதிரி’ என்றே விழுந்தது.

அப்படி அளக்கும் புரதங்களில் ஒன்றான கால்புரோடெக்டினுக்கு என் அக்கா தந்த ‘கால்சியக் காப்புப் புரதம்’ எனக்குச் சரியாகப் படவில்லை. அது கால்சியத்தைக் காப்பதில்லை, கால்சியத்தோடு பிணைகிறது. கிருமிக்கு வேண்டிய துத்தநாகத்தைப் பிடித்துவைத்து நம் உடலைத்தான் காக்கிறது. சோதனை அறிக்கையில் வரும் பெயரையே வைத்துக்கொள்வோம்.

பொதுச்சொல்தான் முக்கியம். குடலில் அழற்சி கூடும்போது வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன, அவற்றிலுள்ள இந்தப் புரதம் மலத்தோடு வெளியேறுகிறது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாக இயல்பு. தம்பியைப் போன்றவர்களுக்கு 250ஐத் தாண்டினால் அழற்சி மூண்டிருக்கிறதோ என்று மருத்துவர் பார்ப்பார். ஆனால் வயிற்றுத் தொற்றிலும் ஏறும். செம்பனைக் குலை வெட்டிவிட்டு இடுப்பு வலிக்கு டிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை விழுங்குகிறவருக்கும் ஏறலாம். அதனால் ‘நோய்காட்டி’ என்று சொல்லிவிட்டால் வீட்டில் வீண் பயம்தான் மிஞ்சும்.

‘குடல் அழற்சிகாட்டி’ என்று வைக்கலாமா? நாள்காட்டி, திசைகாட்டி எல்லாருக்கும் தெரியும். ‘குடல்’ கட்டாயம் வேண்டும். ரத்தத்தில் பார்க்கும் சிஆர்பி என்ற புரதம், உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறக்கூடியது.

—

அம்மா, வணக்கம்.

‘அழற்சிகாட்டி’ நன்றாக இருக்கிறது. ‘வழிகாட்டி’யைப் போலவே இதிலும் க் மிகாது, சேர்த்தே எழுதலாம். மலத்தில் பார்க்கும் லாக்டோஃபெரின் என்ற இன்னொரு புரதமும் வெள்ளணுக்களிலிருந்து வருவதுதான், அதற்கும் இந்தச் சொல் பொருந்தும். என் ‘மலக் குறிப்பா’னை எடுத்துவிடுகிறேன்.

ஆனால் ‘மலம்’ என்ற சொல்லுக்குக் கூச்சப்பட வேண்டாம். விளக்கத்தின் முதல் வரியிலேயே, ‘மலத்தில் பார்க்கும் குடல் அழற்சிகாட்டி’ என்று வரட்டும். எதைக் கொண்டுவர வேண்டும் என்று தெரியாமல் யாரும் வெறும் டப்பாவோடு கிளினிக்கில் நிற்கக் கூடாது.

‘மல மாதிரி’க்கு எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. தோட்டத்தில் என்ன சொல்வார்கள் என்று உங்கள் அம்மாவிடமே கேட்டு எழுதுங்கள்.