லங்காவி தீவுச் சுற்றுலா: அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பினாங்கு, பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். வரும் பள்ளி விடுமுறையில் கோலக்கெடாவில் ஃபெரி ஏறி லங்காவி போகிறோம். அங்கே படகில் குழுவாகக் கூட்டிப்போகும் தீவுச் சுற்றுலாவில் சேர ஆசை. டாயாங் புந்திங் ஏரி, பருந்து பார்ப்பது, பெராஸ் பாசா கடற்கரை, மூன்றும் அதில் வரும்.

என் கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். வயது 68, முழங்கால் வலி. வீட்டு வாசற்படியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக வைத்துத்தான் இறங்குவார். ஆனால் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், ஒரு சுண்ணாம்புப் பாறைச் சுவருக்கு அந்தப்பக்கம் நன்னீர் ஏரி இருக்கிறது என்று கேட்டதிலிருந்து, அதில் கால் நனைக்காமல் வரமாட்டேன் என்கிறார்!

ஜெட்டியிலிருந்து ஏரிக்குப் போகும் வழியில் படிகள் எப்படி, பிடிமானம் இருக்கிறதா? ஆடும் படகில் ஏற இறங்கப் படகோட்டிகள் கைகொடுப்பார்களா? குழுவோடு போனால் மெதுவாக நடப்பவர்களுக்காகக் காத்திருப்பார்களா, இல்லை, தனிப் படகு எடுப்பதுதான் நல்லதா? காசு கூடினாலும் பரவாயில்லை, அம்மாவை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

குரங்குகள் பையைப் பிடுங்கும் என்கிறார்கள், அதற்குச் சாப்பாட்டை வெளியே எடுக்காமல் பார்த்துக்கொள்வோம். வயதானவர்களோடு போய்வந்த அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும்.