‘ஸ்பின்-ஆஃப்’ தொடருக்குத் தமிழில் என்ன சொல்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

தறியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சிற்றிதழின் அறிவியல் புனைகதைச் சிறப்பிதழுக்காகக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 1987 செப்டம்பரில் ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது பழைய ரசிகர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதுதான் பொருள். பத்திக்குப் பத்தி ‘ஸ்பின்-ஆஃப்’ வருகிறது, அதாவது ஒரு தொடரிலிருந்து பிரிந்து தனியாக ஓடும் இன்னொரு தொடர். ‘கிளைத்தொடர்’ என்று போட்டு அனுப்பினேன். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். “கிளைக்கதை என்றால் பாரதத்துக்குள் நளன் கதை வருகிற மாதிரி, பெரிய கதைக்குள்ளேயே இருப்பது. இது வீட்டைவிட்டுப் போய்த் தனிக்குடித்தனம் நடத்துவது. இரண்டுக்கும் ஒரே சொல்லா?” என்கிறார். நியாயமாகத்தான் படுகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கைகொடுங்கள்.

கரிசல்காட்டான் எழுதியது:

தறியான், உங்கள் ஆசிரியர் சொன்னது சரி, ஆனால் காரணம் வேறு. கிளை என்பதே மரத்தில் மூன்றாம் படி. பாவாணர் அடுக்கிய வரிசையைப் பாருங்கள். அடிமரத்திலிருந்து பிரிவது கவை. கவையிலிருந்து கொம்பு அல்லது கொப்பு. கொம்பிலிருந்து கிளை, கிளையிலிருந்து சினை, சினையிலிருந்து போத்து, போத்திலிருந்து குச்சு, குச்சிலிருந்து இணுக்கு. மூலத் தொடரிலிருந்து நேரே பிரிந்தது ‘கவைத்தொடர்’. அதிலிருந்து பிரிந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ கொம்புத்தொடர். 2020-இல் வந்த ‘லோயர் டெக்ஸ்’ கார்ட்டூனை இணுக்கு என்றே சொல்லிவிடலாம். இவ்வளவு நுட்பம் எந்த மொழியில் இருக்கிறது?

டீச்சர் எழுதியது:

ஐயா, கொம்புத்தொடர் என்று நான் வகுப்பில் சொன்னால் ஜல்லிக்கட்டு ஆவணப்படம் என்று நினைப்பார்கள்.

நான் காட்சித் தொடர்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கும் இந்தச் சொல் வேண்டியிருக்கிறது, ஆனால் எந்தச் சொல் வந்தாலும் பின்னால் ‘தொடர்’ ஒட்டும்போது இன்னொரு சங்கடம். பத்தாம் வகுப்பு இலக்கணம் இன்னும் பிள்ளைகள் மண்டையில் இருக்கிறது. எழுவாய்த்தொடர், விளித்தொடர், அடுக்குத்தொடர் வரிசையில் கிளைத்தொடரையும் சேர்த்து, தொகாநிலையில் பத்தாவது வகையா மிஸ் என்று கேட்பார்கள்.

வார்ப் ஒன்பது எழுதியது:

தறியான் அண்ணே, சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடலாம். இந்தக் கூட்டத்தில் அந்தத் தொடர்களை முழுக்கப் பார்த்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

மூலத் தொடர் 1966 முதல் 1969 வரை என்பிசியில் ஓடியது, 79 எபிசோடு. ஓடும்போது பெரிய கூட்டம் கிடையாது. நின்ற பிறகு உள்ளூர் நிலையங்கள் மறுபடி மறுபடி போட்டன. அதில்தான் ரசிகர்கள் பெருகினார்கள். 1972-இல் நியூயார்க்கில் மாநாடே நடத்தினார்கள். 1973-இல் கார்ட்டூன் வந்தது, பெரும்பாலும் அதே நடிகர்களின் குரல். 1979-இலிருந்து சினிமா, அதே முகங்கள். ஆக 1987-இல் ‘ஸ்டார் ட்ரெக்’ என்றால் ஒரு உலகம் என்று யாரும் நினைக்கவில்லை. கெர்க், ஸ்பாக், மெக்காய் என்று மூன்று பேர். அவ்வளவுதான்.

அந்த ஆட்களிடம் போய், கதை அடுத்த நூற்றாண்டுக்கு நகர்கிறது, இவர்கள் யாரும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? கேப்டன் பிக்கார்டுக்கு வழுக்கை. பெயருக்குப் பிரெஞ்சுக்காரர், வாயைத் திறந்தால் இங்கிலாந்து நாடக மேடை. நேற்றுவரை எதிரியாக இருந்த கிளிங்கான் இனத்தான் ஒருவன் கட்டுப்பாட்டு அறையில் சீருடையோடு நிற்கிறான். கப்பலில் குடும்பங்கள், பள்ளிக்கூடம். வெஸ்லி என்று ஒரு பையன், பெரியவர்களுக்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் வாங்கிய வசவு தனி அத்தியாயம்.

எடுத்தவர்களுக்கும் பயம் இருந்திருக்கிறது. முதல் எபிசோடிலேயே மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லியை 137 வயதுக் கிழவராகக் கொண்டுவந்தார்கள். பெயரைக்கூடச் சொல்லவில்லை. டேட்டா என்ற இயந்திர மனிதனோடு தள்ளாடி நடந்து, புதுக் கப்பலுக்கு ஆசீர்வாதம் மாதிரி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார். சரி, பெரியவர் சம்மதித்துவிட்டார் என்று ரசிகர்கள் உட்கார்ந்தால், அடுத்த எபிசோடில் பழைய தொடரின் கதையையே எடுத்துச் சூடுபண்ணிப் போட்டார்கள். தொற்று வந்து எல்லோரும் குடித்தவர்கள்போல் ஆடும் கதை. ‘புதுசு என்று சொல்லிப் பழங்கஞ்சி’ என்ற முணுமுணுப்பு அங்கேதான் வலுத்தது. மூன்றாவது சீசனில்தான் நிமிர்ந்தது. 1990 ஜூனில் கேப்டனையே போர்குகள் என்ற பாதி இயந்திர எதிரிக் கூட்டம் பிடித்துத் தன்னில் ஒருவனாக மாற்றிவிட, ‘தொடரும்’ போட்டு நிறுத்தினார்கள். அந்தக் கோடை முழுக்க அடுத்தது என்ன என்பதே பேச்சு. கெர்க் எங்கே என்பது பின்னால் போய்விட்டது. 1993 ஜனவரியில் டீப் ஸ்பேஸ் நைன் வந்தபோது மறுபடி அதே முணுமுணுப்பு. விண்வெளி நிலையம் ஓரிடத்தில் நிற்கிறது, எங்கேயும் போகாத பயணம் என்ன பயணம் என்றார்கள். இந்த முறை அளவுகோல் பிக்கார்ட்!

எல்லா ரசிகர்களும் இப்படி வழிக்கு வருவார்கள் என்றும் இல்லை. 2009-இல் ‘ஸ்டார்கேட்’ என்ற வேறொரு தொடர்க் குடும்பத்திலிருந்து ‘ஸ்டார்கேட் யூனிவர்ஸ்’ வந்தது. கலகலப்பான குடும்பத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பிறந்த பிள்ளை என்று முதல் வாரத்திலேயே ஏசினார்கள். இரண்டு சீசனோடு முடிந்தது.

நான் சொல்ல வருவது: நெக்ஸ்ட் ஜெனரேஷனில் பழைய தொடரின் ஆள் யாரும் நிரந்தரமாக இல்லை. அது வாரிசு. டீப் ஸ்பேஸ் நைன் அப்படியல்ல. ஓ’பிரையன் என்ற பாத்திரம் பெண்டாட்டி பிள்ளையோடு கப்பலிலிருந்து நிலையத்துக்குக் குடிமாறுகிறான். அதுதான் பிரிந்துபோனது. ரசிகர்கள் கோபமும் இரண்டு வகை. முதலாவதில் ‘எங்கள் இடத்தில் உட்கார நீ யார்?’ இரண்டாவதில் ‘ஏன் பிரித்தாய்?’ கட்டுரையில் இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் கட்டுரையே விளங்காது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தம்பி, அருமை. உங்களுக்குத் தெரியாமலே நன்னூலுக்கு உரை எழுதிவிட்டீர்கள்.

நூல் மூன்று: முதல், வழி, சார்பு. வழிநூலுக்கு இலக்கணம், “முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது”. பழைய முடிபுகளை ஒத்துக்கொள்ள வேண்டும், பின்னவன் தன் மாறுதலைச் சொல்லலாம், மரபு அழியக் கூடாது. 1987 ரசிகர்கள் கேட்டது இந்த மூன்றைத்தானே? ஆகவே நெக்ஸ்ட் ஜெனரேஷன் ‘வழித்தொடர்’.

அடுத்த சார்பு நூல் இன்னும் பொருத்தம், அதற்குப் புடைநூல் என்றும் பெயர். “இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித் திரிபுவே றுடையது புடைநூ லாகும்”. முதல், வழி இரண்டிலும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வேறாகத் திரிந்து போவது. டீப் ஸ்பேஸ் நைன் மூலத் தொடரிலிருந்து, எல்லோருக்கும் எதிர்மாறான இரட்டையர் இருக்கும் கண்ணாடி உலகத்தை எடுத்தது, வழித்தொடரிலிருந்து ஓ’பிரையனை எடுத்தது. நன்னூல் எழுதிய பவணந்தியார் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருக்கிறது. ஆகவே ‘புடைத்தொடர்’. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, தயங்காமல் போடுங்கள்.

டீச்சர் எழுதியது:

> ஆகவே ‘புடைத்தொடர்’

பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து ‘யார் யாரைப் புடைச்சாங்க மிஸ்?’ என்று வரும். புடை என்றால் பக்கம் என்று இன்று யாருக்குத் தெரியும்? முறத்தில் புடைப்பார்கள், இல்லையென்றால் ஆளைப் புடைப்பார்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

சொல்லின் வேரைப் பாராமல் எல்லாரும் மரத்திலும் நூலிலும் தொங்குகிறீர்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்பின்’ என்பதன் முதற்பொருள் நூற்றல். நூற்றலிலிருந்து நூல். நன்னூலாரே பஞ்சு சொல், கதிர் மதி என்று நூற்பைத்தான் உருவகமாக்கினார். ஆகவே நூற்கும் கருவியான கதிரிலிருந்து தெறித்து வருவது ‘கதிர்த்தொடர்’. தூய தமிழ், இலக்கண வழுவில்லை.

இன்னொன்று. ‘ஸ்டார் ட்ரெக்’ என்று எழுதுவதை இம்மன்றமாவது நிறுத்தலாம். ‘ட்ரெக்’ தென்னாப்பிரிக்க டச்சுக்காரர்களின் மாட்டுவண்டிப் பயணம். தொடரை உருவாக்கிய ரோடன்பெரியும் இதை ‘நட்சத்திரங்களுக்குப் போகும் வண்டித்தொடர்’ என்ற கணக்கில்தான் விற்றார். அக்காலத்து ‘வேகன் ட்ரெயின்’ என்னும் கௌபாய்த் தொடர் அவர் மனத்தில் இருந்தது. நம்மிடம் இதற்கு நேர்ச்சொல் உண்டு: சாத்து. வண்டி கட்டிக் கூட்டமாகப் போகும் வணிகர். ஆகவே ‘விண்சாத்து’.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சாத்து தூய தமிழா? ‘சார்த்த’ என்ற வடசொல்லின் தற்பவம் ஐயா.

வேர்ச்சொல் எழுதியது:

சார் > சார்த்து > சாத்து. சேர்ந்து செல்வது. வடமொழிதான் நம்மிடம் கடன் வாங்கியது. இதை முன்பே இங்கே விரிவாக எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்கவும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தேடினேன். அங்கேயும் இதே வரிதான் இருக்கிறது.

சாத்து என்றதும் மணிமேகலை பாடிய சாத்தனார் நினைவு வருகிறார். சிலம்பின் நூற்கட்டுரையே “மணிமேகலைமேல் உரைப்பொருள் முற்றிய” என்று அடுத்ததைக் காட்டிவிட்டுத்தான் முடிகிறது. மணிமேகலையும் ஒரு வழித்தொடர் இல்லையா?

வார்ப் ஒன்பது எழுதியது:

ஐயா, அதில் ரசிகர் எதிர்வினையும் இருக்கிறதே! இரண்டாவது காதையின் பெயரே ‘ஊரலர் உரைத்த காதை’. இந்திர விழாவுக்கு மாதவியும் மகளும் ஆட வரவில்லை என்று ஊரே பேசுகிறது; சித்திராபதி அதைச் சொல்லிவரத் தோழியை அனுப்புகிறாள். ஆட்டத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்குத் துறவு கிடைத்தால் அலர் எழாமல் என்ன செய்யும்? மாதவிதான் அங்கே மெக்காய்.

மட்டுறுத்துநர் எழுதியது:

சாத்து பற்றித் தனி இழை தொடங்கவும். தறியானுக்கு இருப்பது இரண்டு நாள்.

தேம்ஸ் கரையோன் எழுதியது:

லண்டனில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் அமெரிக்காவிலேயே நிற்கிறீர்கள், இங்கத்தைய கதையையும் கேளுங்கள். 2006 ஒக்டோபரில் ‘டொக்டர் ஹூ’ என்ற பிபிசி அறிவியல் புனைகதைத் தொடரிலிருந்து ‘டோர்ச்வூட்’ பிரிந்து வந்தது. பெயரே மூலத்தின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கியதுதான். தாய்த் தொடரைப் பிள்ளைகளோடு இருந்து பார்த்த வீடுகளில் இது பெரிய குழப்பம்: இரவு ஒன்பதுக்குப் பிறகு ஓடியது, பிள்ளைகளைப் படுக்க அனுப்பிவிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. வயதுவந்தோருக்கான தொடர் என்று சொல்லிக்கொண்டு கெட்ட வார்த்தையும் கட்டிலுமாக நிரப்பியிருக்கிறார்கள் என்று பலர் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டே பிள்ளைகளுக்கென்று ‘சேரா ஜேன்’ தொடர் வந்தது. அந்த சேரா ஜேனும் கே-9 என்ற இயந்திர நாயும் 1981-லேயே ஒருமுறை தனித்துப் போகப் பார்த்து, ஒரே ஒரு எபிசோட்டோடு நின்றவர்கள்.

எங்கள் வீட்டில் எல்லோரும் ‘ஸ்பின்-ஆஃப்’ என்றே சொல்கிறார்கள். நன்னூல் திசைச்சொல்லை ஏற்றுக்கொள்ளும், நாங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டோமா? கட்டாயம் தமிழ்தான் வேண்டும் என்றால் ‘சேய்த்தொடர்’ எனலாம். தாயிலிருந்து வந்தது, விளங்கும்.

வேர்ச்சொல் எழுதியது:

திசைச்சொல் என்பது தமிழ்நாட்டின் பக்கத்து நிலங்களின் சொல்; பக்கிங்காம் அரண்மனையின் சொல் அன்று. ஆனால் ‘சேய்’ நன்று. சேய் என்றால் பிள்ளை, சேய் என்றால் தொலைவும். தொலைவுக்குப் போன பிள்ளை! கதிர்த்தொடருக்கு அடுத்தபடி இதை ஏற்கலாம்.

கரிசல்காட்டான் எழுதியது:

சேய்த்தொடர் என்று நாளிதழில் வந்தால் குழந்தைகள் நிகழ்ச்சி என்று டிவி முன்னால் பிள்ளையை உட்காரவைப்பார்கள். அங்கே டார்ச்வுட் ஓடும். ‘விழுதுத்தொடர்’ போடுங்கள். விழுது தாய்மரத்திலிருந்து இறங்கித் தானே வேர் பிடிக்கும். தாய்மரம் பட்டாலும் நிற்கும்.

டீச்சர் எழுதியது:

விழுது தாய்மரத்தைத் தாங்குவதற்கு இறங்குவது. இங்கே ரசிகர்கள் புகாரே இது தாய்மரத்தைச் சாய்க்கிறது என்பதுதானே ஐயா?

எனக்குக் கிளைத்தொடரே போதும். கிளைக்கதை உள்ளே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் வங்கிக்கும் கிளை இருக்கிறது. அது தலைமை அலுவலகத்துக்கு உள்ளேயா இருக்கிறது? வேறு ஊரில்தான் இருக்கிறது. படிக்கிறவர்களுக்கு முதல் தடவையே புரிகிற சொல் இங்கே இது ஒன்றுதான்.

வார்ப் ஒன்பது எழுதியது:

டீச்சர் பக்கம் நான். ஆனால் வாரிசுக்கு வழித்தொடர் என்பதை விட்டுவிடாதீர்கள் அண்ணே.

தேம்ஸ் கரையோன் எழுதியது:

எனக்கும் ஆட்சேபணை இல்லை. இங்கே நேரம் நள்ளிரவு தாண்டிவிட்டது.

தறியான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியரிடம் வங்கிக் கிளை உதாரணத்தைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு ‘சரி, போட்டுத் தொலை’ என்றார். கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் ‘ஸ்பின்-ஆஃப் என்னும் கிளைத்தொடர்’, பிறகு வெறும் கிளைத்தொடர். நெக்ஸ்ட் ஜெனரேஷன் வரும் இடங்களில் வழித்தொடர். ரசிகர் பேச்சுக்கு ‘அலர்’ போட ஆசைப்பட்டேன், ஆசிரியர் விடவில்லை.

வேர்ச்சொல் எழுதியது:

பெரும்பான்மை பார்த்துச் சொல்லாக்கம் நடப்பதில்லை. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கதிர்த்தொடருக்கான முழு விளக்கம் ஞாயிற்றுக்கிழமை வரும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

புடைத்தொடரை அடிக்குறிப்பிலாவது சேர்க்க முடியுமா?

தறியான் எழுதியது:

அடிக்குறிப்புக்கு இடமில்லை ஐயா, பக்கம் கட்டியாயிற்று. மெய்ப்புத் திருத்துபவர் ஒன்று கேட்கிறார்: கிளைத்தொடர் என்று சேர்த்து எழுதுவதா, கிளைத் தொடர் என்று இடம் விட்டா? இரண்டு மாதிரியும் அடித்து வைத்திருக்கிறேன்.

டீச்சர் எழுதியது:

சேர்த்து.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இடம் விட்டு.