வாரண்டி இருந்தும் "தேய்மானம்" என்கிறார் டீலர்: ஹெட் கேஸ்கெட்டுக்கு யார் பொறுப்பு?

பயணி07:
ஆறு வருடம் ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை டீலரிடம் வாங்கினேன். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாத வாரண்டி என்று ரசீதிலேயே எழுதியிருக்கிறது. 41-ஆவது நாள், மொத்தம் 1,800 கி.மீ. கூட ஓடியிருக்காது, மேடு ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போய்விட்டது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டால், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும் என்கிறார்கள். டீலரிடம் கேட்டதற்கு முதலில் "கேஸ்கெட் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது" என்றார். அடுத்த நாள் "நீங்கள் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பார்க்காமல் ஓட்டியிருப்பீர்கள்" என்றார். சேமிப்பைப் போட்டு வாங்கிய வண்டி. இது நியாயமா?

சக்கரம்:
பழைய கார் விற்கும் இடத்தில் 12 வருடம் வேலை பார்த்தவன் நான். டீலர் பக்கத்தையும் கேளுங்கள். வண்டி வந்ததும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்போம், கீழே ஒழுகுகிறதா என்று பார்ப்போம், ஸ்கேனர் போடுவோம். ஹெட்டைக் கழற்றி யாரும் பார்ப்பதில்லை. நேற்று வரை நன்றாக இருந்த கேஸ்கெட் இன்று போகலாம். அந்த அபாயம் இருப்பதால்தான் பழைய வண்டி விலை குறைவு.

இன்னொன்று. முள் சிவப்பைத் தொட்ட பிறகும் "வீடு பக்கத்தில்தானே" என்று ஓட்டி, ஹெட்டே வளைந்து வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் "உடனே நிறுத்தினேன்" என்றுதான் சொல்வார்கள். டீலர் எதை நம்புவார்?

கிரீஸ்கை:
மெக்கானிக்காகச் சொல்கிறேன். பிரேக் பேட், கிளட்ச் தட்டு, வைப்பர், டயர் இதெல்லாம் ஓட ஓடக் குறையும். அது தேய்மானம். ஹெட் கேஸ்கெட் ஹெட்டுக்கும் அதற்குக் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே இறுக்கப்பட்டுக் கிடப்பது. பிரேக் பேட் போல உரசித் தேய்வதில்லை. இன்ஜின் சூடேறியிருக்க வேண்டும், அல்லது பழைய கூலன்ட்டை மாற்றாமல் விட்டு அரித்திருக்க வேண்டும், அல்லது ஹெட் போல்ட் பிடி தளர்ந்திருக்க வேண்டும். இதற்குப் பெயர் பழுது.

பயணி, ஹெட்டை இப்போது யாரும் கழற்ற விடாதீர்கள். கழற்றினால் பாதி சாட்சி போய்விடும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். குளிரில் குறைந்த தூரமே ஓடிய வண்டியிலும் அப்படி வரும், அதனால் அது மட்டும் போதாது. இன்ஜினுக்குள் எரிந்த வாயு கூலன்ட்டில் கசிகிறதா என்று பார்க்கும் நீல திரவச் சோதனை உண்டு. பெட்ரோல் வண்டியில் கசிவு இருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். அதைச் செய்து எழுதி வாங்குங்கள். அப்புறம் கூலன்ட் டேங்கின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

நேர்கோடு:
வாரண்டி டீலரே கொடுத்ததா, தனி நிறுவனத்துடையதா? முதலில் அதைப் பாருங்கள். தனி நிறுவனம் என்றால், கழற்றும் முன் அனுமதி, ஒரு முறைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு, பழுது கண்டுபிடிக்கும் செலவு உங்களுடையது என்றெல்லாம் நிபந்தனை இருக்கலாம். என்னைக் கோபப்படுத்துவது "விற்பனைக்கு முன்பே இருந்த பழுது சேராது" என்ற வரி. விற்ற பிறகு வந்தால் நீங்கள் கவனிக்கவில்லை என்பார்கள். முன்பே இருந்தது என்றால் இந்த வரியைக் காட்டுவார்கள். வாங்கியவன் எந்தப் பக்கம் போவான்?

சட்டம் ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, முதல் ஆறு மாதத்தில் தெரியவரும் பழுது ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்வார்கள். இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவில் வாரண்டி உண்டா, வாரண்டி இல்லாமல் உள்ளபடியே விற்பனையா என்பதை டீலர் வண்டியிலேயே எழுதி ஒட்ட வேண்டும். உங்கள் இடத்தில் நிரூபிக்கும் சுமை யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள்.

சக்கரம்:
அப்படியானால் மாதக்கணக்கில் கண்டபடி ஓட்டியவனுக்கும் இலவசமாக இன்ஜின் செய்து கொடுக்க வேண்டுமா? மாதம் நாலு வண்டி விற்கும் சின்ன டீலர் ஒரே கேஸில் கடையை மூட வேண்டியதுதான். கொஞ்சம் யோசியுங்கள்.

பயணி07:
பார்த்துவிட்டு வந்தேன். ஆயில் மூடியில் லேசாக வெளிறிய பசை. டேங்கில்தான் விஷயம். அடியில் பழுப்பு வண்டல். குச்சியால் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடுகிறது, நடுவே செம்புத்தூள் போல மினுமினுக்கிறது. நான் வாரம் ஒரு முறை வெளியிலிருந்து அளவு பார்த்ததோடு சரி. மூடியைத் திறந்ததே இல்லை. நீல திரவம் சில நிமிடத்தில் மஞ்சளாகிவிட்டது.

கிரீஸ்கை:
வெறும் துரு மினுமினுக்காது. கசிவை அடைக்க ஊற்றும் திரவங்கள் சிலவற்றில் அப்படித் தூள் இருக்கும். நீங்கள் ஊற்றவில்லை என்றால் முன்பே யாரோ ஊற்றியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் கசிவு நிற்கும், ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் சேர்ந்து அடைபடலாம். மேடு ஏறும்போது முள் ஏறியது இதோடு பொருந்துகிறது. சுத்தமான பாட்டிலில் மாதிரி எடுத்து, தேதி எழுதி, இன்னொருவர் முன்னிலையில் மூடி வையுங்கள்.

சக்கரம்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். இது இருந்தால் "நீங்கள் பார்க்காமல் ஓட்டினீர்கள்" என்பது நிற்காது. ஆனால் முந்தைய உரிமையாளர் ஊற்றியிருக்கலாம். டீலருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட வேண்டாம்.

நேர்கோடு:
நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி. வண்டி கைமாறியபோதே உள்ளே கசிவு இருந்திருக்கிறது, இன்ஜினுக்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவர் அவர். முந்தைய உரிமையாளரிடம் அவர் கேட்டுக்கொள்ளட்டும். பயணி எதற்காக அந்தச் செலவைச் சுமக்க வேண்டும்?

சக்கரம்:
முதலில் அவருக்கே சரிசெய்ய வாய்ப்புக் கொடுங்கள். நீங்களாக வெளியில் செய்துவிட்டு பில்லை நீட்டினால், அந்த இடத்தில் நானும் மறுத்திருப்பேன். போனில் பேச வேண்டாம், எழுதிக் கொடுங்கள்.

பயணி07:
எழுதிவிட்டேன். படங்கள், சோதனை முடிவு, டேங்க் மாதிரி எல்லாவற்றையும் குறிப்பிட்டு, ஹெட்டைக் கழற்றும்போது அவருடைய மெக்கானிக்கும் கூட இருக்கட்டும், ஏழு நாளுக்குள் தேதி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அதுவரை வண்டியைத் தொட வேண்டாம் என்று ஒர்க்‌ஷாப்பிலும் சொல்லியாயிற்று. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.