ஏழாம் வகுப்புப் பையனைத் தொடர்ந்து சீண்டுகிறார்கள், இப்போது அவனும் அடிக்கத் தொடங்கிவிட்டான்: எங்கே கை வைப்பது?

வகுப்பாசிரியை_7ஆ

அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, 38 பிள்ளைகள். ஒரு பையனை ஜூனிலிருந்தே சீண்டுகிறார்கள். பட்டப்பெயர் சொல்வது, டிபன் பாக்ஸை ஒளித்து வைப்பது, குழு வேலை கொடுத்தால் "எங்க குரூப் ஃபுல்" என்று கழற்றிவிடுவது. முதல் பருவம் முழுக்க வாய் திறக்காமல் இருந்தவன், அரையாண்டு நெருங்கும்போது யாராவது உரசினாலே கை நீட்டுகிறான். போன வாரம் ஒருவனின் கணக்கு நோட்டைக் கிழித்தான். "அவனும் லேசுப்பட்டவன் இல்ல டீச்சர்" என்கிறார்கள் மற்ற ஆசிரியர்கள். இரு தரப்பையும் வகுப்பு முன்னால் கைகுலுக்க வைத்தும் மூன்றே நாளில் பழைய கதை.

கேட்க விரும்புவது மூன்று. சீண்டுவதால் அடிக்கிறானா, அடிக்கிற குணம் இருப்பதால் சீண்டுகிறார்களா? உண்மையில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது? திங்கட்கிழமை வயிற்றுவலியும் குறையும் மார்க்கும் இதோடு சேர்ந்தவையா?

மணல்கடிகை

முதல் கேள்விக்கு விடை: இரண்டும்தான். ஒரே பிள்ளைகளைச் சில மாதம், சில வருடம் இடைவெளியில் மறுபடி மறுபடி அளந்த ஆய்வுகளை 2010லும் 2011லும் தொகுத்துப் பார்த்தார்கள். சக மாணவர்களின் சீண்டல் பிற்பாடு பதற்றத்தையும் சோர்வையும் முரட்டுத்தனத்தையும் கூட்டுகிறது. அதே சோர்வும் முரட்டுத்தனமும் பிற்பாடு இன்னும் சீண்டலை இழுத்து வருகின்றன. செக்கு மாதிரி சுற்றுகிற விஷயம் இது. 'யார் தொடங்கியது' என்று துருவிக்கொண்டிருந்தால் செக்கு நிற்காது.

'அவன் பிறவியிலேயே அப்படி' என்ற வாதத்துக்கும் ஒரு பதில் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994-95இல் பிறந்த 2,232 இரட்டையரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், மரபணு ஒன்றேயான இரட்டையரில் ஒருவர் மட்டும் சீண்டப்பட்ட ஜோடிகளைப் பார்த்தார்கள். சீண்டப்பட்டவரிடம்தான் பயம், சோர்வு, ஒதுங்குதல் அதிகம். வீடும் ஒன்று, மரபணுவும் ஒன்று, ஆக அந்த வித்தியாசத்தைப் பிறவிக் குணத்தின் மேல் போட முடியாது.

உங்கள் பையன் இப்போது அடிபடுகிறவனாகவும் அடிக்கிறவனாகவும் இருக்கிறான். சீண்டப்படுகிறவர்கள் மட்டும், சீண்டுகிறவர்கள் மட்டும், இரண்டுமாக இருப்பவர்கள் என்ற மூன்று வகைப் பிள்ளைகளில் இந்தக் கடைசி வகைக்குத்தான் ஆபத்து அதிகம். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1,420 பிள்ளைகளை இளம்பருவம் தாண்டியும் தொடர்ந்த ஆய்வு 2013இல் வெளியானது. வளர்ந்த பிறகு மனச்சோர்வும் பீதிக் கோளாறும் இந்தக் குழுவில்தான் தூக்கலாக இருந்தன. ஆனால் பள்ளியில் அனுதாபம் கிடைக்காத பிள்ளைகளும் இவர்களேதான். ஆசிரியர் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டாவது அடி. முதலாவது மேசைக்குக் கீழே நடந்து முடிந்திருக்கும்.

ஆகவே முதலில் 10 பள்ளி நாட்களுக்கு ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஐந்து விஷயம்: நேரம், இடம், அருகில் யார், அதற்கு அரை நிமிடம் முன் என்ன நடந்தது, முடிந்ததும் யாருக்கு என்ன கிடைத்தது. பீரியட் மாறும் இடைவெளி, சாப்பாட்டு வரிசை, கழிப்பறைப் பக்கம், பி.டி. பீரியட், வேன் ஆகிய ஐந்தையும் விடாதீர்கள். அவன் அடிக்கும்போது முகம் சிவந்து, அடித்துவிட்டு அழுது, எதையும் பெறாமல் போகிறான் என்றால் அது எதிர்வினை. தொடர்ந்து குத்துப்பட்ட பிள்ளை, தற்செயலாகப் பட்ட தோளையும் வேண்டுமென்று இடித்ததாகவே எடுத்துக்கொள்ளும். ஆளில்லாத இடத்தில் சின்னப் பிள்ளையைப் பிடித்துப் பேனாவையோ காசையோ பிடுங்குகிறான் என்றால் அது வேறு பிரச்சினை, அதற்கு வேறு வழி.

கைகுலுக்க வைத்ததை இனி வேண்டாம் என்று அழுத்தியே சொல்கிறேன். நார்வேயில் பள்ளிச் சீண்டல் ஆய்வுக்கு அடித்தளம் போட்ட டான் ஓல்வேயஸ் சீண்டலுக்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் சமமாக இல்லாதது. சமரசம் சமமானவர்களுக்குள் நடக்கும் சண்டைக்குப் பொருந்தும். இங்கே ஒரு பக்கம் ஆறேழு பேர், மறுபக்கம் ஒருவன். 38 பேர் பார்க்க அவனையும் மன்னிப்புக் கேட்க வைத்தால், 'தப்பு உன்மேலும்தான்' என்று பள்ளியே முத்திரை குத்தியதாக ஆகிவிடும்.

தரவுப்பெட்டி

இரண்டாவது கேள்வி, எப்படிக் கேட்பது. "உன்னை யாராவது கொடுமைப்படுத்துறாங்களா?" என்று கேட்டால் "இல்ல மிஸ்" என்றுதான் வரும். அந்தச் சொல்லைத் தன்மேல் ஒட்டிக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. செயலைக் கேளுங்கள், காலத்தை வரையறுங்கள், எத்தனை முறை என்று கேளுங்கள். 'கடந்த 2 மாதத்தில் உனக்குப் பிடிக்காத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்: ஒருமுறையும் இல்லை / ஒன்றிரண்டு முறை / மாதம் 2-3 முறை / வாரம் ஒருமுறை / வாரம் பல முறை.' இதே மாதிரி அடித்தது, பொருளை எடுத்தது, ஆட்டத்தில் சேர்க்காதது, வதந்தி பரப்பியது, வாட்ஸ்அப் குழுவில் கேலி செய்தது. ஆறேழு வரி போதும், 15 நிமிட வேலை. மாதம் 2-3 முறை என்ற கோட்டைத் தாண்டினால் தொடர் சீண்டல் என்று கொள்வது ஓல்வேயஸ் வழிமுறை.

சேர்க்காமல் விடுவதையும் வதந்தியையும் விட்டுவிடாதீர்கள். காயம் தெரியாததால் பெரியவர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், பிள்ளை அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

தவறும் இடங்கள் சில. ஒரே பெஞ்சில் மூன்று பேர் தோளுரச உட்கார்ந்து நிரப்பினால் உண்மை வராது. அவன் ஒருவன் மட்டும் நீண்ட நேரம் எழுதிக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதனால் கடைசியில் எல்லோருக்கும் ஒரு படம் வரையும் வேலை வையுங்கள். 'உனக்கு யாரைப் பிடிக்காது' என்று ஒருபோதும் எழுதச் சொல்லாதீர்கள். 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்தால் சீட்டுப் போடுகிறவன் யார் என்று வராண்டா முழுக்கத் தெரியும். தண்ணீர்த் தொட்டி அருகிலோ நூலகத்திலோ வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

பிள்ளைகளின் உணர்வு, நடத்தைச் சிக்கல்களை அளக்கும், 25 கேள்விகள் கொண்ட எஸ்.டி.கியூ. படிவத்தை யாராவது பரிந்துரைப்பார்கள், நல்ல கருவிதான். ஆனால் அதன் சக மாணவர் உறவுப் பகுதியிலேயே 'மற்ற பிள்ளைகள் சீண்டுகிறார்கள்' என்ற வரி இருக்கிறது. சீண்டலால் மனநலம் எவ்வளவு பாதித்தது என்று பார்க்க மொத்த மதிப்பெண்ணை எடுத்தால் காரணமும் விளைவும் கலந்துவிடும். உணர்வுப் பகுதியையும் நடத்தைப் பகுதியையும் தனியாகப் பாருங்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 10 வரை.

வயிற்றுவலி: முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டட்டும், நடிப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம். வலி நிஜம். சீண்டப்படும் பிள்ளைகளுக்கு இத்தகைய உடல் உபாதைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்பது 2009இல் வந்த தொகுப்பாய்வின் கணக்கு. வருகைப் பதிவேட்டில் அவன் வராத தேதிகளைக் கிழமை வாரியாகப் பிரியுங்கள். பி.டி. பீரியட் உள்ள நாட்களில் குவிகிறதா பாருங்கள். கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறானா என்றும் கேளுங்கள். தலைவலிக்கும் கவனக்குறைவுக்கும் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முன்றில்

மணல்கடிகை சொன்ன செக்கை எங்கே நிறுத்துவது என்பதற்கு என் பதில்: பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம். கனடாவில் பள்ளி மைதானங்களில் படம்பிடித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஏறக்குறைய ஒன்பது சம்பவங்களில் வேறு பிள்ளைகள் உடனிருந்தார்கள். குறுக்கிட்டது 19 சதவீதத்தில் மட்டும். ஆனால் குறுக்கிட்டபோது 57 சதவீதத்தில் 10 விநாடிக்குள் சீண்டல் நின்றது. பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2009இல் நாடு முழுக்கப் போன 'கிவா' என்ற சீண்டல் தடுப்புத் திட்டம் இந்தப் பார்வையாளர்களை நம்பித்தான் கட்டப்பட்டது.

உங்கள் வகுப்புக்கு இப்படிச் செய்யலாம். முதலில் பையனோடு தனியாக 20 நிமிடம். அவன் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், 'கண்டுக்காத, தானா அடங்கிடும்' என்று சொல்லாதீர்கள். ஐந்து மாதம் கண்டுகொள்ளாமல்தான் இருந்தான், என்ன ஆயிற்று என்று பார்க்கிறீர்கள். அடுத்து, சீண்டுகிறவர்களை ஒவ்வொருவராக, ஒரே நாளில், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள இடைவெளி கொடுக்காமல் அழையுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். "இது நடக்குதுன்னு எனக்குத் தெரியும். நிக்கணும். நீ என்ன செய்யப்போற? அடுத்த வெள்ளிக்கிழமை கேட்பேன்." அவன் புகார் செய்தான் என்ற வாசனையே வரக்கூடாது, நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். அந்த வெள்ளிக்கிழமை கட்டாயம் கேளுங்கள். முயற்சிகள் பாதியில் படுத்துவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவதாக, வகுப்பில் மற்றவர்கள் மதிக்கும் இரண்டு முதல் நான்கு பேரைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் அருகில் உட்காரவும் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளவும் கேளுங்கள். சண்டைக்குப் போகச் சொல்லாதீர்கள். 'வா, போலாம்' என்று அவனை அந்த இடத்திலிருந்து அழைத்து வருவதே பெரிய உதவி. ஒரே ஒரு நெருங்கிய நண்பன் இருந்தாலும் சீண்டலின் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. குழுக்களைப் பிள்ளைகளே பிரித்துக்கொள்ளும் வழக்கத்தை இந்தக் கல்வியாண்டு முழுக்க நிறுத்திவிடுங்கள்.

நோட்டைக் கிழித்ததற்கு அவனும் பொறுப்பேற்கட்டும், புதிய நோட்டில் விட்டுப்போன கணக்குகளை எழுதிக் கொடுக்கட்டும். ஆனால் சீண்டல் விசாரணை நடக்கும் அதே நாளில், அதே மேசையில் அது வேண்டாம். பெற்றோர் விஷயத்திலும் அப்படியே, இரு வீட்டாரையும் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள்.

வகுப்பாசிரியை_7ஆ

மூவருக்கும் மிக்க நன்றி. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் பட்டப்பெயர் அவன் குடியிருக்கும் தெருவைக் குறிப்பது. வகுப்பில் எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். இது எதையாவது மாற்றுமா?

மணல்கடிகை

மாற்றும், டீச்சர். அது சாதிப் பெயரைச் சுற்றி வளைத்துச் சொல்வது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்கள் சிலர் சக மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்கு முன்பும் வகுப்பறைச் சீண்டல் இருந்தது. அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பதும் வருகைப் பதிவேட்டில் சாதி தெரியாமல் பார்த்துக்கொள்வதும் அதன் பரிந்துரைகளில் உண்டு. உங்கள் வகுப்பில் கயிறு நிறங்களைக் கவனியுங்கள்.

இதை இன்றே தேதி போட்டுத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குள் அசைவில்லை என்றால் 14417 கல்வி உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். முன்றில் சொன்ன துணைப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே தெருக்காரர்களாக இருந்துவிடக் கூடாது, இருந்தால் வகுப்பு இரண்டு அணியாகிவிடும். அவனிடம் பேசும்போது ஒன்றைக் காது கொடுத்துக் கேளுங்கள்: 'நான் அன்னைக்கு அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது' என்கிறானா, 'நான் இப்படிப் பிறந்துட்டேன்' என்கிறானா. காரணத்தைத் தன் பிறப்பில் தேடுகிற பிள்ளைதான் வேகமாகச் சோர்ந்துபோகும்.

செத்துப்போகணும் போல இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றே பெற்றோரை வரவழையுங்கள், 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் எடுப்பார்கள். பிரிட்டனில் 13 வயதில் அடிக்கடி சீண்டப்பட்டவர்களில் 14.8 சதவீதம் பேருக்கு 18 வயதில் மனச்சோர்வு நோய் இருந்தது, சீண்டப்படாதவர்களில் 5.4 சதவீதம்.

தரவுப்பெட்டி

ஒரு சேர்க்கை. வகுப்பில் மொத்தச் சீண்டல் குறையும்போது, இன்னும் சீண்டப்படும் ஒன்றிரண்டு பிள்ளைகளின் மனநிலை மோசமாவதுண்டு. 'எல்லாருக்கும் நின்னுடுச்சு, எனக்கு மட்டும் ஏன்?' என்று வருகிறது. எனவே அதே ஆறேழு வரிப் படிவத்தை ஜனவரி கடைசியில் மறுபடி கொடுங்கள், அப்போது வகுப்பின் சராசரியை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அவனிடம் தனியாக, அரையாண்டு விடுமுறை முடிந்து வரும் முதல் இரண்டு வாரமும் வாரம் ஒருமுறை கேளுங்கள். விடுமுறையில் வாட்ஸ்அப்பில் நடந்ததெல்லாம் அந்த நாட்களில்தான் வகுப்புக்குள் வரும்.