நீதியைப் பற்றியே உடன்பாடு இல்லாதபோது அரசு எதன் பெயரால் ஆள்வது?

கேள்வி: நெடுவழி

அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய ‘நீதி பற்றிய ஒரு கோட்பாடு’ நூலையும் 1993இல் வந்த ‘அரசியல் தாராளவாதம்’ நூலையும் அடுத்தடுத்து வாசிப்பவர்களுக்கு ஓர் ஐயம் எழாமல் இராது. இரண்டாவது நூல் பன்மைத்துவத்திலிருந்து தொடங்குகிறது. மக்கள் அச்சமின்றிச் சிந்திக்கவும் பேசவும் இடமளிக்கும் நாட்டில், காலம் செல்லச் செல்ல அனைவரும் ஒரே மதத்துக்கோ ஒரே வாழ்க்கை நெறிக்கோ வந்து சேர்வதில்லை, பலவாகவே பிரிகிறார்கள் என்றும், அந்தப் பிரிவு அறியாமையாலோ தன்னலத்தாலோ மட்டும் விளைவதன்று, நேர்மையாகச் சிந்திப்பவர்களிடையேயும் இயல்பாகத் தோன்றுவது என்றும் ரால்ஸ் சொல்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணங்களை ‘தீர்ப்பின் சுமைகள்’ என்பார். சான்றுகள் சிக்கலானவை, ஒன்றோடொன்று முரண்படுபவை. எவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதில் ஒத்துப்போகிறவர்கள்கூட எதற்கு எவ்வளவு எடை என்பதில் வேறுபடுவார்கள். நம் கருத்தாக்கங்கள் கடினமான நேர்வுகளில் தெளிவிழந்துவிடும். அவரவர் வாழ்ந்து வந்த வாழ்க்கை அவரவர் மதிப்பீட்டை ஒரு பக்கம் சாய்த்துவிடும். இன்னும் சில உண்டு.

இந்தப் பட்டியலில் எது மதத்துக்கு மட்டும் பொருந்தி, நீதிக்குப் பொருந்தாமல் போகிறது என்பதே என் கேள்வி. வாரிசுச் சொத்துக்கு வரி விதிக்கலாமா, விதித்தால் எவ்வளவு என்று யோசிக்கும் இருவரும் இதே காரணங்களால்தான் பிரிகிறார்கள். ரால்ஸின் முதல் நூல் வெளிவந்த மூன்றாம் ஆண்டில், அதே ஹார்வர்டு தத்துவத் துறையைச் சேர்ந்த ராபர்ட் நோசிக், உழைத்து ஈட்டிய வருமானத்துக்கு வரி வாங்குவது கட்டாய வேலை வாங்குவதற்கு நிகரானது என்று எழுதினார். அவர் யோசிக்காமல் எழுதினார் என்று எவரும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, மதத்தில் வேறுபாடு உண்டு என்பதால் அரசு ஒதுங்கி நிற்க வேண்டும், நீதியில் வேறுபாடு உண்டு என்றாலும் ஒரு தரப்பின் கருத்தைச் சட்டமாக்கி எல்லோர் மீதும் செலுத்தலாம் என்ற இந்த ஓரவஞ்சனைக்கு என்ன நியாயம்? முறையாகப் படித்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாவேன்.

மறுமொழி: தராசுமுள்

முதலில் ரால்ஸ் தரப்பைச் சற்றே நேர் செய்துவிடலாம். நீங்கள் சொல்லும் இடைவெளியை அவரே பார்த்திருக்கிறார். இரண்டாவது நூலுக்கு 1996இல் வந்த பதிப்பின் முன்னுரையிலும், பொது நியாயம் (குடிமக்கள் எல்லோரும் ஏற்கக்கூடிய காரணங்களைக் காட்டி அரசியல் பேசுவது) பற்றி 1997இல் எழுதிய கட்டுரையிலும், தம்முடைய நீதிக் கோட்பாடு தாராளவாதக் கோட்பாடுகளின் குடும்பத்தில் ஓர் உறுப்பு மட்டுமே என்று ஒப்புக்கொள்கிறார். அந்தக் குடும்பத்துக்குப் பொதுவானவை மூன்று: அடிப்படை உரிமைகள் இன்னவை என்ற வரையறை, பிற நலன்களைக் காட்டிலும் அவற்றுக்குத் தரும் முன்னுரிமை, அந்த உரிமைகளைப் பயன்படுத்தும் அளவுக்கு ஒவ்வொரு குடிமகனுக்கும் வாழ்க்கை வசதி. மிகவும் பின்தங்கியவர்களுக்கு அனுகூலமாக அமைந்தால்தான் ஏற்றத்தாழ்வு ஏற்கத்தக்கது என்ற அவருடைய புகழ்பெற்ற கொள்கையைக்கூட அரசமைப்பின் அடிப்படைகளில் ஒன்றாக அவர் வைக்கவில்லை. அடிப்படைத் தேவைகளுக்கான உத்தரவாதம் அங்கே இடம்பெறுகிறது. அதற்கு மேற்பட்டவை வாதிடுவதற்கும் வாக்களிப்பதற்கும் உரியவை.

இரண்டாவது, ரால்ஸ் வழியில் எழுதும் மெய்யியலாளர் ஜொனாதன் குவாங் 2011இல் தந்த விடை. மதத்தைப் பற்றிய சண்டையில் இரு தரப்பாருக்கும் பொதுவான அடித்தளம் ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. நீதியைப் பற்றிய சண்டையிலோ, குடிமக்கள் சுதந்திரமானவர்கள், சமமானவர்கள், நாட்டு வாழ்க்கை நியாயமான ஒத்துழைப்பாக இருக்க வேண்டும் என்பவற்றை இரு தரப்பாரும் ஏற்றுக்கொண்ட பிறகே பிரிகிறார்கள். ஆகவே தோற்றவர்மீது சட்டம் பாயும்போதும், அவரே ஏற்றுக்கொண்ட ஒன்றின் பெயரால்தான் அது பாய்கிறது.

இந்த விடை எனக்குப் பாதி தூரம் வரைக்கும் உதவுகிறது. கருக்கலைப்பு, விலங்குகளுக்கு நாம் கடன்பட்டவற்றின் எல்லை ஆகியவற்றில் பொது அடித்தளமே ஆட்டம் காண்கிறது. நோசிக்கின் நிலையையோ ரால்ஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டார். பரஸ்பரத்துக்கு, அதாவது மற்றவரும் ஏற்கக்கூடிய விதிகளையே முன்வைப்பதற்கு, அதில் இடமில்லை என்பதால் அது தாராளவாதமே ஆகாது என்பது அவர் முடிவு. வாசற்படியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிவிட்டு, உள்ளே இருப்பவர்களிடையே பெரிய சண்டை இல்லை என்று சொல்வது எளிது. அந்த உயரத்தை நிர்ணயிப்பது யார் என்பதில்தான் எனக்குத் திருப்தி இல்லை.

மறுமொழி: கடைசி பெஞ்ச்

சட்ட மெய்யியலாளர் ஜெரமி வால்ட்ரனை யாரும் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது. நெடுவழி கேட்பதே 1999இல் அவர் எழுதிய நூலின் தொடக்கம். பற்றாக்குறை இல்லாவிட்டால் நீதிக்கு வேலை இல்லை என்று பதினெட்டாம் நூற்றாண்டு மெய்யியலாளர் ஹியூம் முதல் ரால்ஸ் வரை சொல்லிவந்தார்கள். அரசியலுக்கும் அப்படியொரு சூழ்நிலை உண்டு என்கிறார் வால்ட்ரன்: எல்லோரும் சேர்ந்து ஏதாவது ஒன்றைச் செய்தே ஆக வேண்டும், ஆனால் எதைச் செய்வது என்பதில், அதாவது நீதியிலேயே, உடன்பாடு இல்லை. உடன்பாடு வரட்டும் என்று காத்திருந்தால் காரியம் நடக்காது. எனவே ஒவ்வொருவரின் கருத்தையும் சமமாக எண்ணும் ஒரு வழி வேண்டும். பெரும்பான்மை வாக்கு அதைச் செய்கிறது.

இதற்கு உடனே வரும் எதிர்ப்பு, உரிமைகளைப் பெரும்பான்மையிடம் விடலாமா, நீதிமன்றம் அல்லவா காக்க வேண்டும் என்பது. நீதிபதிகளும் தங்களுக்குள் வேறுபடும்போது வாக்கெடுத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஐந்துக்கு நான்கு என்று வந்த தீர்ப்பில் வென்றது ஐந்தாவது வாக்கேயன்றி ஐந்தாவது நியாயம் அன்று. (யார் வாக்களிப்பது, தொகுதி எப்படிப் பிரிப்பது என்று முதலில் எதை வைத்து முடிவு செய்வது என்ற பழைய கேள்வி இருக்கிறது. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.)

மறுமொழி: புறநடை

கோட்பாட்டின் உயரத்திலேயே நின்று பேசினால் இது தீராது. ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நியூ கிளாரஸ் என்ற ஊர்ப் பக்கம் வாழ்ந்த ஆமிஷ் சமயத்தார் (நவீன வாழ்க்கையிலிருந்து விலகி வாழும் கிறித்தவப் பிரிவினர்), எட்டாம் வகுப்புக்குப் பிறகு தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். பிள்ளைகளின் வயது 14, 15. பதினாறு வயது வரை பள்ளி கட்டாயம் என்பது மாநிலச் சட்டம். யோடர், மில்லர், யூட்சி என்ற மூன்று தந்தையருக்குத் தலைக்கு ஐந்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1972 மே 15 அன்று பெற்றோர் பக்கம் தீர்ப்பானது.

விசாரணைக்கு முன்பு ஆமிஷ் தரப்பு வழக்கறிஞர் ஒரு சமரசம் முன்வைத்தார். பென்சில்வேனியாவில் நடைமுறையில் இருந்த ஏற்பாடு அது. பிள்ளைகள் வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஆமிஷ் தொழிற்பள்ளிக்குச் சென்று ஆமிஷ் ஆசிரியரிடம் ஆங்கிலம், கணக்கு, உடல்நலம், சமூக அறிவியல் படிப்பார்கள். மற்ற நேரத்தில் பெற்றோர் மேற்பார்வையில் வயல் வேலையும் வீட்டு வேலையும் செய்து, அன்றாடம் செய்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவார்கள். இது பள்ளிக் கல்விக்கு ஈடாகாது என்று விஸ்கான்சின் கல்வி அதிகாரி மறுத்துவிட்டார்.

நெடுவழியின் கேள்விக்கு நான் கருதும் விடை இங்கே கிடைக்கிறது. ஆமிஷ் மக்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் தருவதில்லை; வளர்ந்த பிறகு அவரவர் விருப்பத்தின்படி பெறுகிறார்கள். அது சரியா, தவறா என்று அரசு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் இருந்தால் அங்கே ஒன்றும் முடிவாகிவிடுவதில்லை, அவரவர் வழியில் அவரவர் போவார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டுமா என்பதில் அந்த வாய்ப்பு இல்லை. அரசு வாய் திறக்காவிட்டால் தந்தையின் சொல் நிற்கும். திறந்தால் சட்டத்தின் சொல் நிற்கும். கூலியும் வாடகையும் வாரிசுரிமையும் இப்படிப்பட்டவையே. ஆக, மதத்தில் அறிவு தடுமாறுகிறது, நீதியில் தடுமாறுவதில்லை என்று ரால்ஸுக்காக வாதாட வேண்டிய அவசியம் இல்லை. இரண்டிலும் ஒரே அளவுக்குத் தடுமாறட்டும். ஒன்றில் அரசுக்கு விலகி நிற்க இடம் உண்டு, மற்றதில் இல்லை.

கேள்வி கேட்டவர்: நெடுவழி

புறநடை அவர்களுக்கு நன்றி. ஆனால் விலகி நிற்க இடம் உண்டா, இல்லையா என்பதே சில சமயம் சண்டையின் பொருளாகிவிடுகிறதே. திருமணமும் மணமுறிவும் என் மதத்தின் பகுதி என்று ஒருவர் சொல்கிறார். அது குடிமகளின் உரிமை பற்றியது என்று இன்னொருவர் சொல்கிறார். எது எந்தப் பக்கம் என்று பிரிப்பதற்கு உங்களிடம் தனி அளவுகோல் உண்டா?

மறுமொழி: தராசுமுள்

தனி அளவுகோல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை நம் அரசியல் நிர்ணய சபை 1948 நவம்பர் 23 அன்று நேருக்கு நேர் சந்தித்தது. பொது உரிமையியல் சட்டம் (பொது சிவில் சட்டம்) பற்றிய வரைவுப் பிரிவு 35 அன்று விவாதத்துக்கு வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற முகம்மது இஸ்மாயிலும் போக்கர் சாகிபும், எந்தச் சமூகமும் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றுக்கான தன் தனிச்சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்ற பொருளில் திருத்தங்கள் கொண்டுவந்தார்கள். அது மதத்தின் பகுதி, பண்பாட்டின் பகுதி என்பது அவர்கள் வாதம். கே. எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்துப் பேசினார்கள். அம்பேத்கர் தம் பதிலில் வட மலபாரை எடுத்துக் காட்டினார்: அங்கே மருமக்கத்தாயம் என்ற தாய்வழி வாரிசுமுறை இந்துக்களுக்கு மட்டுமன்றி முஸ்லிம்களுக்கும் சட்டமாக இருந்தது. மதமும் சட்டமும் பிரிக்க முடியாதவை என்ற வாதத்துக்கு அதே மாகாணத்திலிருந்தே அவர் மறுப்பு எடுத்துத் தந்தது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

திருத்தங்கள் ஏற்கப்படவில்லை. ஆனாலும் அந்தப் பிரிவு நீதிமன்றத்தின் மூலம் செயல்படுத்த முடியாத வழிகாட்டு நெறிகளுக்குள்ளேயே நின்று, இன்று 44ஆம் உறுப்பாக இருக்கிறது. எதிர்கால நாடாளுமன்றம் அப்படியொரு சட்டம் இயற்றினாலும், அதற்கு உட்பட விரும்புவதாக அறிவிப்பவர்களுக்கு மட்டும் முதலில் பொருந்துமாறு அமைக்கலாம் என்றும் அம்பேத்கர் சொன்னார். இதை ஒத்திப்போட்டது என்று சிலர் குறை சொல்வார்கள். உடன்பாடு இல்லாத நிலையில் எவரையும் முழுமையாகத் தோற்கடிக்காமல் வைத்த ஏற்பாடு என்று நான் வாசிக்கிறேன்.

மறுமொழி: புறநடை

தராசுமுள் சொல்வதில் ஒரு பகுதியை மட்டும் மறுக்கிறேன். எவரையும் தோற்கடிக்காத ஏற்பாடு என்பது, பேசியவர்களை மட்டும் எண்ணினால் உண்மை. அதற்கு முந்தைய ஆண்டு அடிப்படை உரிமைகள் துணைக் குழுவில் அந்தப் பிரிவை வழிகாட்டு நெறியாக ஒதுக்கியபோது, மினூ மசானியோடு சேர்ந்து மாற்றுக் கருத்துப் பதிவு செய்தவர்கள் ராஜகுமாரி அம்ரித் கௌரும் ஹன்சா மேத்தாவும். ஒத்திப்போட்ட காலம் முழுவதும் தனிச்சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. அந்தந்தச் சமூகத்துக்குள்ளே அவற்றால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அது தீர்ப்பாகத்தான் அமைந்தது. நெடுவழி கேட்ட அளவுகோல் என்னிடமும் இல்லை. ஆனால் சும்மா இருந்தால் யாருடைய சொல் செல்லும் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்க்க முடியும்.

வால்ட்ரனுக்கும் இங்கேதான் நெருக்கடி. வாக்கெடுப்பு எல்லோரையும் சமமாக மதிக்கிறது என்றால், சட்டத்துக்குக் கட்டுப்படுபவரும் வாக்களிப்பவரும் ஒருவரே என்று ஆகிறது. ஆமிஷ் பிள்ளைக்கு வாக்கில்லை. அதன் பெயரில் மாநிலமும் தந்தையும் வாதாடினார்கள். நீதிபதி வில்லியம் டக்ளஸ் தீர்ப்பின் ஒரு பகுதியிலிருந்து விலகியதும் இதனால்தான். மூன்று குடும்பங்களில் யோடரின் மகள் மட்டுமே சாட்சிக் கூண்டில் ஏறி, தன் சமய நம்பிக்கைக்கு உயர்நிலைப் பள்ளி ஒத்துவராது என்று தானே சொன்னாள். ஆகவே யோடர் விஷயத்தில் அவர் மற்ற நீதிபதிகளோடு இசைந்தார். மற்ற இரண்டு குடும்பங்களின் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை பியானோ வாசிக்கவோ, விண்வெளிக்குப் போகவோ, கடலாய்வு செய்யவோ விரும்பலாம் என்றும், தன் பேச்சைச் சொல்ல அதற்கு வேறு மன்றம் இல்லாததால் இந்த வழக்கிலேயே அதன் உரிமையைக் கருத வேண்டும் என்றும் அவர் எழுதினார். பெரும்பான்மைத் தீர்ப்போ, வழக்கு பெற்றோர்மீது தொடுக்கப்பட்டது, பிள்ளைகள் அதில் தரப்பினர் அல்லர் என்று கூறி அந்தக் கேள்வியை முடிவு செய்யாமலே விட்டுவிட்டது.